ஸ்போர்ட் ரிம்மும் அணையாத விளக்கும்

சில வருடங்களுக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் ஒன்றை வாங்கினோம். டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். என் கணவர் ஆசைப்பட்டு, பார்க்க அழகான ஸ்போர்ட் ரிம்மைச் சக்கரங்களில் மாட்டினார். பழைய ரிம்மிலிருந்த, காற்றைக் கவனிக்கும் சென்சார் அதில் பொருந்தவில்லை. அன்றிலிருந்து விளக்கு அணையவே இல்லை.

“சும்மாதான் எரியுது லா, கண்டுக்காதே,” என்றார்.

“நெசமாவே காத்து எறங்கினா எனக்கு எப்படிங்க தெரியும்?”

எங்கள் ஊர் ஜாசினிலிருந்து, செங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு நான்தான் ஓட்டிப்போவேன். தினமும் பெட்ரோல் நிலையத்தில் குனிந்து நான்கு டயரிலும் காற்றை அளந்தேன். இரண்டு மாதத்தில் அலுத்துப்போனது.

“பழசையே மாட்டிடுங்க. என்னால முடியல,” என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்தார். அவர் மாட்டி முடிப்பதற்குள் நான் வீட்டுக்குள் போய், இனி விளக்கை நம்பலாம் என்ற நிம்மதியில் படுத்துத் தூங்கிவிட்டேன்.