தார் பீப்பாய்க்குள் இன்னொரு சிங்கம்

ஐம்பதுகளின் நடுவில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அப்பா அங்கே கொத்து மேஸ்திரி. ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, வேலையாட்களுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகை வரிசையில் குடியிருந்தோம். பக்கத்துக் கொட்டகையில் தெலுங்கு, எதிர்க் கொட்டகையில் கன்னடம், நடுவில் நாங்கள். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் மூன்று பாஷையும் எல்லோருக்கும் சரளமாக வரும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஜவளகிரியில் என் பெரியம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். பெரியப்பா வேலை தேடிப் பெங்களூருக்குப் போய்விட்டார். அவர்களுக்கு ஒரே பெண். அவளை அம்மா கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொன்னார் அப்பா. நான் கூப்பிடவில்லை. அவள் என் அம்மாவைச் சித்தி என்று கூப்பிடுவதே எனக்குப் பொறுக்கவில்லை.

வயிறு எரிந்தது என்று சொன்னால் நம்புங்கள், நிஜமாகவே எரிந்தது. களி கிளறியதும் முதல் உருண்டை அவளுக்கு. தலை வாரினால் முதலில் அவளுக்கு. எனக்கு வாரும்போது அம்மாவுக்குக் கை ஓய்ந்துபோயிருக்கும், சடை கோணலாக வரும். இத்தனை நாளும் அம்மாவின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவள் நான். இப்போது அந்த முந்தானை அந்தப் பக்கம் போய்விட்டது. "எங்கக்கா போனதுலருந்து இந்தப் புள்ள ஒரு சொட்டு கண்ணீர் விடலக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்று பக்கத்துக் கொட்டகைக்காரியிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அழாதவளுக்கு எதற்கு இத்தனை செல்லம் என்று நான் உள்ளே கருவிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. வேலைத்தளத்தில் அதுதான் பெரிய பண்டிகை. லாரி, கலவை இயந்திரம், மண்வெட்டி, கரணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். ஓவர்சியர் ஐயாவின் சம்சாரம் கலகலப்பான அம்மா. பூஜை முடிந்ததும் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்துப் பிள்ளைகளை வைத்து ஒரு சிரிப்பு நாடகம் போடலாம் என்றார். எல்லோருக்கும் தெரிந்த சிங்கமும் முயலும் கதைதான். தினம் ஒரு மிருகம் என்று முறைவைத்துத் தின்னும் சிங்கத்தை, கிணற்றுக்குள் இன்னொரு சிங்கம் இருப்பதாக முயல் ஏமாற்றிக் கூட்டிப் போகும். தன் நிழலையே எதிரி என்று நினைத்துச் சிங்கம் குதித்துச் சாகும்.

அந்த அம்மா இதை எங்கள் ஊர் விவகாரமாகவே மாற்றிவிட்டார். சிங்கம் காலையில் எழுந்து மேஸ்திரி மாதிரி மிருகங்களுக்கு ஆஜர் எடுக்கும். மான் வயிற்றுவலி என்று லீவு கேட்கும். கரடி நாளைக்கு நிச்சயம் வருகிறேன் என்று தலையைச் சொறியும். சிங்கம் யார் தெரியுமா? நான்தான். என் குரல் பெரிய குரல், அதனால் எனக்குக் கொடுத்தார். அன்று ஒருநாளாவது அம்மா என்னை மட்டும் பார்ப்பாள் என்று நினைத்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த நினைப்பிலும் மண் விழுந்தது. கிணற்றுக்குள் தெரியும் நிழல் சிங்கத்துக்கு என் உயரத்தில், என் ஜாடையில் ஒருத்தி வேண்டுமாம். ஓவர்சியர் சம்சாரம் சுற்றும் முற்றும் பார்த்தார். தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள் அவள்.

பாதி வெட்டிய தார் பீப்பாய்தான் கிணறு. அவள் அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் எட்டிப் பார்த்ததும் மெல்ல எழுந்து, நான் செய்வதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டும். நான் கர்ஜித்தால் எதிரொலி மாதிரி அவளும் கர்ஜிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேஷம். தனியாக ஒரு வசனம்கூடக் கிடையாது. அம்மா சாக்கு நூலைப் பிரித்து, காவி தோய்த்து, இரண்டு பேருக்கும் பிடரி மயிர் கட்டிக் கொடுத்தாள். அவளுடையது அடர்த்தியாக இருந்தது. அளந்து பார்க்கவில்லை, எனக்குத் தெரியும்.

பூஜையன்று சாயங்காலம் லாரியின் பின்கதவை இறக்கிவிட்டு, அதன் மேலேயே நாடகம். கீழே சாக்கு விரித்து எல்லாக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. அம்மா முதல் வரிசையில், மடியில் பொரியோடு. நான் ஆஜர் எடுத்ததற்கு நன்றாகச் சிரித்தார்கள். என் அப்பாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பக்கத்துக் கொட்டகை லாரி டிரைவரின் மகன் முயலாக வந்து என்னைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனான். நான் எட்டிப் பார்த்தேன்.

அவள் எழுந்தாள். எழுந்ததற்கே கூட்டம் ஓவென்று சிரித்தது.

நான் மீசையை முறுக்கினேன், அவளும் முறுக்கினாள். நான் நாக்கை நீட்டினேன், அவளும் நீட்டினாள். என் பிடரி மயிர் சரிந்து கண்ணை மறைத்தது, ஒத்திகையில் இல்லாதது அது. அவள் கண நேரம்கூட யோசிக்காமல் தன்னுடையதையும் சரித்துக்கொண்டாள். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஆனால் ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். பார்ப்பதெல்லாம் பீப்பாயை.

எனக்கு வந்ததே ஆத்திரம். இவளைத் தடுமாற வைக்காமல் விடுவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றேன், பின்பக்கம் சொறிந்தேன், தும்மினேன், மூக்கை உறிஞ்சினேன். எல்லாவற்றையும் அச்சாகச் செய்தாள். நான் செய்யச் செய்ய அவளுக்குத்தான் சிரிப்பு சேர்ந்தது. கடைசியில் பொறுக்காமல் ஓங்கிப் பீப்பாய் விளிம்பில் அறைந்தேன். வெட்டிய தகரம். உள்ளங்கை கிழிந்துவிட்டது.

"அம்மா!" என்று அலறினேன்.

நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். எல்லோரும் எதிரொலிக்காகப் பீப்பாயைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

"அம்மா..."

மெல்லிய குரல். சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள், நிறுத்த முடியவில்லை அவளால். முகத்தில் பூசியிருந்த மஞ்சள் கரைந்து வழிந்தது. அத்தனை மாதம் வராத அழுகை மொத்தமும் அந்தத் தார் பீப்பாய்க்குள் வந்துவிட்டது.

அம்மா மடியிலிருந்த பொரியைக் கொட்டிவிட்டு எழுந்தாள். ஆண்களெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். என்னைத் தாண்டிப் போனாள். "இருக்கேன் சாமி, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி, அவளை இரண்டு கையாலும் தூக்கி வெளியே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. முயல்தான் சமாளித்தான். சிங்கத்தோட அம்மா வந்துட்டாங்க, ஓடுங்க என்று தெலுங்கில் கத்திக்கொண்டே லாரியிலிருந்து குதித்து ஓடினான். மூன்று பாஷைக்காரர்களும் சிரித்தார்கள், நாடகம் முடிந்துவிட்டது. நான் மட்டும் ரத்தம் சொட்டும் கையோடு லாரி மேல் நின்றேன். முதலில் கூப்பிட்டவள் நான். அடிபட்டவள் நான். அம்மா பெற்ற பிள்ளை நான். என்னைத் தாண்டிப் போனாளே!

வீட்டுக்கு வந்ததும்தான் அம்மா என் கையைப் பார்த்தாள். பதறிப்போய் மஞ்சள் வைத்துக் கட்டினாள். நான் கையை உதறிக்கொண்டு கேட்டேவிட்டேன்.

"நான்தானே மொதல்ல கூப்ட்டேன். எனக்கு ஏன் வரல?"

அம்மா கட்டுத்துணியை முடிச்சுப் போட்டபடியே சொன்னாள்.

"நீ தெனம் நூறு வாட்டி கூப்பிடறடி. அவ இன்னிக்குத்தான் கூப்ட்டா."

களி கிளறப் போய்விட்டாள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நாலைந்து நாள் அம்மாவைக் கூப்பிடாமலே வீம்பாக இருந்து பார்த்தேன். முடியவில்லை. தண்ணீர் வேண்டும், பாவாடை நாடா அவிழ்ந்துவிட்டது, பல்லி விழுந்துவிட்டது, எதற்கெடுத்தாலும் வாயில் அதுதான் வந்தது. அவளோ அன்றிலிருந்து சித்தி என்பதை விட்டுவிட்டாள். கூப்பிடுவதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் தயங்கி, அம்மா முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். அதைப் பார்த்த பிறகுதான் அவளை அக்கா என்று கூப்பிட எனக்கு மனசு வந்தது.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மா கண்ணை மூடிய அன்று எனக்கு முன்னால் ஓடிவந்து அவள் அழுதபோதுகூட, அந்தத் துக்கத்திலும் சுருக்கென்று ஒன்று தைத்தது. வருவாளோ மாட்டாளோ என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்காமல் அம்மாவைக் கூப்பிட்டு வளர்ந்தவளுக்குத்தான் அப்படித் தைக்கும் என்பது இப்போது தெரிகிறது.