துரை வீட்டு இரும்பு மூஞ்சி

வெள்ளைக்காரர் வீட்டு அலங்காரச் சாமான் விற்ற ஜென்மங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்: இந்தத் தொழிலில் உடைகிற சரக்கு வழியிலேயே உடையும், உடையாத சரக்கு விற்காது.

வந்த சரக்கு

துரைமார்கள் கப்பலேறிப் போன பிறகு, ஐம்பதுகளின் தொடக்கத்தில், மாமல்லபுரம் கடலோர பங்களா ஒன்றைக் காலி செய்தார்கள். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த கடையின் முதலாளி காசிம் பாய் மொத்தத்தையும் ஏலத்தில் எடுத்தார். மாதாகோயில் ஜன்னல் மாதிரி கூர்முனை வைத்த கண்ணாடிகள், சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி பதித்த விளக்குகள், அப்புறம் ஓர் இரும்பு மூஞ்சி. ஆட்டுக் கொம்பு, வௌவால் இறக்கை, தொங்குகிற நாக்கு. அது வண்டியில் வந்து இறங்கியதும் பக்கத்து டீக்கடையில் பால் திரிந்துபோனது. தெருநாய்கள் குரைப்பதையே விட்டுவிட்டன. நம்பாதவர்கள் நாய்களைக் கேட்டுக்கொள்ளலாம். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்: "இத்த நடுவூட்டுல மாட்டிகினு அந்தத் தொரை எப்டிடா சோறு துன்னான்?"

வாங்கின ஆள்

திருப்போரூர்ப் பக்கத்து விவசாயி முனுசாமி புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். திருஷ்டி பொம்மை தேடி வந்தவருக்கு மூஞ்சியைக் காட்டினேன். வைக்கோல் பொம்மையெல்லாம் இதன் முன்னால் பச்சைக் குழந்தை என்றேன். மனுஷன் மயங்கிவிட்டார். பளு அதிகம், சங்கிலி போட்டு மாட்டுங்கள் என்றும் சொன்னேன். வைக்கோல் பொம்மைக்குக் கட்டுகிற அதே கயிற்றை எடுத்து நீட்டிச் சிரித்தார்: "இன்னா அண்ணாத்த, சங்கிலில கட்டிப்போட்டா அது எப்டி வூட்ட காவ காக்கும்?"

ஆஸ்பத்திரி

உப்புக் காற்றில் கயிறு இற்றுப்போனது. வாசற்படியில் கை ஊன்றி உட்கார்ந்திருந்த முனுசாமியின் வலது கை மேல் மூஞ்சி விழுந்தது. புண்ணில் மஞ்சளை அப்பிக்கொண்டு வயலுக்கே போய்வந்திருக்கிறார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கை கறுத்திருந்தது.

நானும் பாயும் பார்க்கப் போனோம். முழங்கையோடு எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். முனுசாமி மாட்டவே மாட்டேன் என்றார். நடவு நேரம், ஏர் பிடிக்க வீட்டில் வேறு ஆளில்லை. ஒற்றைக் கையோடு ஊருக்குள் போவதற்கு இங்கேயே சாகிறேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி குப்பம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து கட்டில் காலை ஓர் உதை விட்டாள்: "ஏரு நான் ஓட்டிக்கறேன்யா. நீ பூட்டா நான் யாராண்ட சண்ட போடறது?"

திருப்பிக் கேட்கப் போனது

கை போனது, ஆள் பிழைத்தார். அந்தச் சனியனை வாங்கிவந்து கடலில் போட்டுவிடு என்று பாய் என்னை அனுப்பினார். போனபோது குப்பம்மா வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பழைய இடத்திலேயே மூஞ்சியை மறுபடி மாட்டியிருந்தார்கள். கழற்ற ஏணியை எடுத்தேன். முனுசாமி பதறி இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டார்: "வாணாம் அண்ணாத்த. இது ஒரு கைய துன்னுட்டுப் பசியாறி கீது. புதுசா ஒண்ண மாட்டினா அதுக்கு இன்னாத்த குடுக்கறது?"

வீட்டு அழகுக்குச் சாமான் விற்றேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அழகுக்காக வாங்கினவர் ஒருத்தரைக்கூட அந்த வட்டாரத்தில் நான் கண்டதில்லை.