நாக்கில் தொட்டுப் பார்த்தவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் ஓட்டி விளையாடும் என் டர்ட் பைக்கைக் கழுவ, பிரஷர் வாஷர் வாங்கத் தஞ்சாவூர்க் கடையொன்றுக்குப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். முத்துப்பேட்டைப் பக்கத்து விவசாயி. வேட்டியின் கரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கடைக்காரர் வாசலில் மிஷினை ஓட்டிக் காட்டியதும், தெறித்த தண்ணீரை அந்த விவசாயி விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல தண்ணி” என்றார்.

“எதைக் கழுவணுங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

“புயல்ல கடல் தண்ணி உள்ள வந்துடுச்சுங்க. சுவரு, மோட்டாரு, மகன் வண்டி, எல்லாம் உப்பு.”

“இந்த மாடல் எல்லாத்தையும் கழுவிடுங்க.”

விவசாயி, தண்ணீர் பீய்ச்சும் நாஸிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“அப்ப வயலையும் கழுவுமாங்க? மூணு மா நிலந்தான். ரெண்டு தடவ வெதச்சும் கருகிப்போச்சு.”

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் மிஷினை நிறுத்தினார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. நாஸிலைக் கீழே வைக்காமல், பதிலுக்காக எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் பைக்கைக் கழுவும்போது ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். நல்ல தண்ணீர். அதைத்தான் சேற்றின் மேல் பீய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.