தண்ணி வந்த மறுநாள் காய்ச்சல்

காய்ச்சல்காரரிடம் ரத்தம் எடுப்பது சுலபம். காய்ச்சல் என்றைக்கு வந்தது என்ற பதிலை எடுப்பதுதான் பெரும்பாடு. அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குள் லேப் வைத்திருக்கிறேன். அதற்கு முன் காரியாபட்டிச் சந்தையில் மிளகாய் மூட்டை தூக்கினேன். பிறகு அதே மூட்டைக்குப் பேரம் பேசினேன். அந்தக் காசில் படித்ததுதான் லேப் படிப்பு. அதனால் எனக்கு வாய் நீளம், பொறுமை ரொம்பக் குட்டை. ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வாசகர்களே, ஊசிக்கு இந்தப் பக்கம் நிற்பவன் படுகிற பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

எந்த நாள்?

டெங்குவைக் கண்டுபிடிக்க இரண்டு விதச் சோதனை உண்டு. காய்ச்சல் வந்த முதல் சில நாளில் வைரஸின் தடயத்தையே ரத்தத்தில் தேடலாம். நாள் கடந்துவிட்டால் அது நழுவிவிடும். அப்போது உடம்பு அதோடு போட்ட சண்டையின் அடையாளத்தைத் தேட வேண்டும். எதைத் தேடுவது என்று தெரிய, காய்ச்சல் தொடங்கிய நாள் தெரிய வேண்டும்.

நரிக்குடிப் பக்கத்து விவசாயச் சம்சாரி ஒருவரிடம் கேட்டேன். "அது ஆச்சு, கொஞ்ச நாளா" என்றார். கொஞ்ச நாளென்றால்? "நேத்துன்னு வச்சுக்கங்களேன்." முந்தாநாளாக இருக்குமோ? "அப்படியும் வச்சுக்கலாம்." நாளைக் கேட்டால் விலை சொல்கிற மாதிரி சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா? கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் காதர் பாய், துபாயிலிருந்து லீவில் வந்து காய்ச்சலில் விழுந்தவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஏன் தம்பி கத்துறீக? நம்மூர்ல தேதி எவனுக்குத் தெரியும், குழாயில தண்ணி வந்த நாளக் கேளுங்க."

வலைக்குள் கண்மாய்

காய்ச்சல் வார்டில் பகலிலும் கொசுவலை கட்டியிருப்போம். ஒருவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்துவிடக் கூடாது, அதுவும் இந்தக் கொசு பகலில் கடிக்கிற ஜாதி. மத்தியானம் எல்லாரும் உறங்க, ஃபேன் காற்றில் அந்த வெள்ளை வலைகள் மூச்சு விடுகிற மாதிரி உப்பி உப்பி அடங்கும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற என் மிஷின் எங்கோ தூரத்தில் முனகும். அந்த நேரத்தில் வார்டுக்குள் நடந்தால் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருக்கும்.

அப்படியொரு வலைக்குள்தான் பேச்சியம்மா கிடந்தார். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். புருஷனுக்குக் கேரளத்தில் லோடு வேலை. வீட்டில் அவரும் ஆடுகளும்தான். "கம்மா பெருகிக் கெடக்குண்ணே, மறுகால் பாயுற சத்தம் கேக்குதா?" என்றார் என்னிடம். கண்மாய் நிறைந்து வழிகிற சத்தமில்லை, கேட்டது என் மிஷின். ஆனால் அவர் சொன்ன தினுசில் எனக்கும் ஒரு நொடி காலடி குளிர்ந்தது.

காய்ச்சல் எப்போது வந்தது? "நேத்து." நம்பி முதல் சோதனையைச் செய்தேன், ஒன்றும் காட்டவில்லை. முகத்துச் சிவப்பு சரியில்லையே என்று எனக்குச் சந்தேகம். காதர் பாய் சொன்னபடி மாற்றிக் கேட்டேன்: கடைசியாகத் தண்ணி பிடித்தது காய்ச்சலுக்கு முந்தியா, பிந்தியா? எங்கள் பக்கம் குழாயில் தண்ணி வருவது வாரம் தாண்டி ஒருதரம். கல்யாண நாளை மறப்பார்கள், அதை மறக்க மாட்டார்கள். "தண்ணி பிடிச்ச மறுநாளே மேலு கொதிச்சிருச்சே. முடியாமப் படுத்ததுதான் நேத்து" என்றார். அவர் ஊரில் தண்ணி வந்து ஆறு நாளாகியிருந்தது. இத்தனை நாள் காய்ச்சலோடு ஆடு மேய்த்திருக்கிறார்! அடுத்த சோதனைக்கும், தட்டணுக்களை எண்ணிப் பார்க்கவும் மறுபடி ஊசியோடு போய் நின்றேன். ஊசிக்குழாயில் ஏறுகிற ரத்தத்தை முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சோதிச்சது போக மிச்சத்தத் திருப்பி ஏத்திருங்கண்ணே, ஆட்டுக்குப் பின்னாடி ஓடத் தெம்பு வேணும்."

பேரம்

டெங்குதான். காய்ச்சல் இறங்கியது, பேச்சியம்மா எழுந்து உட்கார்ந்தார். ஆனால் டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. "இன்னும் ரெண்டு நாள் கண்ணுல வச்சுப் பாக்கணும். இப்ப வீட்டுக்குப் போனா உயிருக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். பேச்சியம்மா சேலையை உதறிச் செருகினார். நாளைக்குத் தண்ணி வருகிறதாம்.

"பக்கத்து வீட்டுல பிடிச்சு வைக்கச் சொல்லு தங்கச்சி."

"அவ குடம் நெறையறதுக்குள்ள தண்ணி நின்னுரும். எனக்கு எங்கிட்டுப் பிடிப்பா?"

"லாரித் தண்ணி சொல்லி விடுறேன்."

"எங்க தெருவுக்குள்ள சைக்கிளே ஒருச்சாய்ச்சுத்தான் வரும்."

"போற வழியில செத்துக் கித்துப் போனா?"

"போகாட்டி ஆடு செத்துப்போகும்ணே."

நான் போட்ட சத்தத்தில் வார்டே விழித்துக்கொண்டது. பெரிய பெரிய மிளகாய் வியாபாரிகளை மடக்கியவன் நான். இந்தம்மா ஒரு படி இறங்கவில்லை. கடைசியில் என் வாயே என்னை விற்றுவிட்டது. "சரி, நானே போய்ப் பிடிச்சு ஊத்துறேன், போதுமா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். "டிரம்முல இருக்குற பழைய தண்ணிய ஒரு சொட்டு தரையில ஊத்துனீக, ட்ரிப்ஸப் பிடுங்கிப் போட்டுட்டு வந்துருவேன்."

வெயிலில் ஒரு நடனம்

மறுநாள் அவர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். சீமைக்கருவேலங் காட்டுக்கு மேலே கானல் அலையடித்தது. பேச்சியம்மா பார்த்த கண்மாய் அதுதானோ என்று தோன்றியது. தெருக்குழாய் முதலில் வெறும் காற்றை ஊதியது, பிறகு இருமியது. வரிசையில் குடத்தோடு ஒரே ஆம்பளை நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் என்று அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. "யாரு வீட்டு மாப்ளடி இவுக, ஊசி போட்டது போதும்னு கொடம் தூக்க வந்துட்டாக?" என்று ஒருத்தி கேட்க, தெருவே சிரித்தது. என் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் குடத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

பேச்சியம்மா வீட்டு டிரம்முக்கு மூடியில்லை. உள்ளே பாதித் தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிவு. அதில் வெயில் விழுந்த இடத்தில் மயிரிழைக் கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன, நிழல் பட்டதும் கீழே மூழ்கின. நான் லேப்பில் தேடுகிற அத்தனையும் பிறக்கிற தொட்டில் இது. இவ்வளவு அழகாகவா ஆட வேண்டும்! நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேசிய பேச்சு பேச்சுதான், தரையில் ஊற்றவில்லை. துண்டை நாலாக மடித்து அத்தனை தண்ணீரையும் வடிகட்டி ஆட்டுத்தொட்டியில் விட்டேன். முட்டை ஒட்டியிருக்குமே என்று டிரம்மின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பிறகுதான் புதுத்தண்ணி. புழுக்கள் துண்டோடு வெயிலில் காய்ந்தன. மூடி எங்கே என்று தேடினால் கொட்டகையில் ஒரு கெடா அதில் தவிடு தின்றுகொண்டிருந்தது. எடுக்கப் போனேன், முட்டித் தள்ளியது. புழுதியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார்: "ரத்தத்துல என்னென்னமோ கண்டுபிடிக்கிறாராம், கெடாவுக்குக் கோவம் வாரது மட்டும் தெரியல."

ஆட்டுத் தட்டு

சேதி கேட்டபின் பேச்சியம்மா ட்ரிப்ஸைத் தொடவில்லை. கனவிலும் கண்மாய் வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். தட்டணுக்கள் ஏறின, டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பினார். வாசலில் மறித்தேன். டிரம்முக்கு மூடி போடாவிட்டால் இதே கட்டிலுக்குத் திரும்பி வருவாய் என்றேன். "அது கெடாவுக்குப் பழகுன தட்டுண்ணே, வேறெதுலயும் வாய் வைக்காது" என்றார். பழக்கலாம் என்றேன். முடியாது என்றார். கடைசியில் பஸ் ஸ்டாண்டு கடையில் பெரிய நீலப் பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கடைக்காரன் அழ அழப் பேரம் பேசி வாங்கி, கெடாவுக்கு என்று அவர் கையில் கொடுத்து பஸ் ஏற்றினேன்.

அடுத்த முறை தண்ணி வந்த மறுநாள், ரத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். சரியாகவே இருந்தது. பேசின் கெடாவுக்குப் பிடித்ததா என்று கேட்டேன். "அத அது திரும்பிக்கூடப் பாக்கலண்ணே, டிரம்மு மேல கவுத்துட்டேன், அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துக்கிச்சு."

சந்தையில் எவனிடமும் தோற்காத நான் கடைசியில் ஒரு கெடாவிடம் தோற்றேன், கொசுவும் அதனிடமே தோற்றதால் எனக்கு அதில் வருத்தமில்லை.