மூன்று ராடு துண்டுகள்

ரத்னவேல் துவாஸில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டர். அறந்தாங்கிக்காரன், சிங்கப்பூர் வந்து ஒன்பது வருடம். எவர்சில்வரையும் சாதா இரும்பையும் சேர்த்து ஒட்டும் பரீட்சையில் தேறியவன் அந்தப் பட்டறையில் அவன் ஒருவன்தான். இரும்போடு இரும்பை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். இந்தச் சம்பந்தத்துக்கு மட்டும் 309 என்கிற தனி வெல்டிங் ராடு வேண்டும். வெறும் எவர்சில்வருக்கான 308-ஐப் போட்டால் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசல் விடும்.

அந்த வியாழக்கிழமை, ஆங் மோ கியோவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகும் கூரைப் பாதைக்காகப் பதினொரு இரும்புத் தூண்களில் எவர்சில்வர் தாங்கிகளை ஒட்டி முடித்தான். சனிக்கிழமை திருச்சிக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முதல் பிறந்தநாள். பெற்ற பிள்ளையை அவன் இன்னும் நேரில் பார்த்ததில்லை. இதை அவன் சொல்லிச் சொல்லிப் பட்டறையில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

எரிந்து மிஞ்சிய ராடு துண்டுகளை ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராடின் எண் பிடிக்கிற முனையில் அச்சாகியிருப்பதால் அது எரியாமல் தப்பிவிடும். டப்பாவைக் கிளறியபோது மூன்று துண்டுகளில் 308 என்று இருந்தது. முந்தின நாள் மிஞ்சிய 308 ராடுகளை அவசரத்தில் 309 பெட்டிக்குள் போட்டவன் வேறு யாருமில்லை, அவனேதான். அவை எந்தத் தூண்களில் போயின என்று தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றையும் பையில் போட்டுக்கொண்டால் கேட்க ஆளில்லை. போட்டும் கொண்டான். டீ குடித்தான். பிறகு சூப்பர்வைசர் அப்துல் அலீமிடம் போய் எடுத்துக் காட்டினான்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பதினொன்றையும் வெட்டி மறுபடி ஒட்டித்தான் ஆக வேண்டும், திங்கள் காலை லாரி வருகிறது என்றார்.

“வேற யாருக்கும் இதுக்கு டெஸ்ட் பாஸ் இல்ல லா. டிக்கெட்ட மாத்திக்கப்பா.”

ஞாயிறு மதியம் அவன் பட்டறையில் இருக்கும்போது ஊரிலிருந்து மனைவி அனுப்ரியா போன் செய்தாள். கேக் வெட்டியாகிவிட்டதாம். எட்டுத் தூண்களில் இணைப்புகளை மாற்றியாயிற்று, இரண்டில் நிஜமாகவே விரிசல் இருந்தது என்று சொன்னான். யாராவது கண்டுபிடித்தார்களா என்று அவள் கேட்டாள். இல்லை, தானே சொன்னதாகச் சொன்னான். அந்தக் கூரைக்குக் கீழேதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் போகும் என்றான்.

அதற்கு அவள் சொன்னாள்:

“ஊரான் பிள்ளைங்கள நினைச்சீங்க, சரிதான். இவ எங்கண்ணன் மடியில உக்காந்துக்கிட்டு அவரை அப்பாங்கிறாளே, அதுக்கு நான் என்ன சொல்றது?”

ரத்னவேல் போனை வைத்துவிட்டு வெல்டிங் முகமூடியை மாட்டினான். இன்னும் மூன்று தூண்கள் பாக்கி இருந்தன.