டேங்கியின் அந்தாண்டப் பக்கம்

“ஏம்மா, கம்ப்யூட்டர்ல திருப்பிப் பாத்தா அந்தாண்டப் பக்கம் தெரியும் இல்ல?”

கேட்டவர் கமலாட்சி அக்கா. நான் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று புரியாமல், பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு இருந்தேன். அவர் நீட்டிய போட்டோவில் மணலில் ஒரு ராணுவ டேங்கி நின்றது. அதன் இடது பக்கத்தில் சாய்ந்தபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவருடைய தம்பி பழனி. போட்டோவை ஸ்கேன் செய்து, இடம் வலமாகத் திருப்பி, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். “இதோக்கா, அந்தப் பக்கம்.” அவர் நம்பினார். நானும் கொஞ்சம் நம்பினேன்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பட்டுப்புடவையின் பார்டருக்கும் முந்தானைக்கும் கிராஃப் தாளில் டிசைன் வரைவதுதான் தொழில். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கட்டம் எண்ணுவார். மூக்குக்கு இறக்கினால் பேசப் போகிறார் என்று அர்த்தம். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் இடது கையைத் தூக்கிக் காட்டி நிறுத்திவிட்டு, அந்த வரிசை முடிந்த பிறகுதான் “ஆங், சொல்லு” என்பார். வாரத்துக்கு ஒரு முறையாவது பிரஷ்ஷை டீ டம்ளரில் முக்கிவிடுவார். பார்த்துவிட்டுச் சொன்னால், “அரக்குக் கலர் தொண்டைக்கு நல்லதும்மா” என்று அதையே குடித்தும்விடுவார்.

பழனி பதினேழு வருடம் பட்டாளத்தில் டேங்கி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பி பள்ளிக்கூட வேன் ஓட்டினார். இரண்டு வருடங்களுக்கு முன்பு போனில் ஆர்டர் போட்டு ஒரு பிளாஸ்டிக் டேங்கி வரவழைத்தார். முழங்கை நீளம்கூட இல்லாத பொம்மை, நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டி முடித்தார். “கலர் நீதாங்க்கா அடிக்கணும். நான் அடிச்சா வழியவுட்டுடுவேன்” என்று அக்காவிடம் கொடுத்தார். அடுத்த வாரம் வேனிலிருந்து இறங்கும்போது நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

ஒரு வருடத்துக்கும் மேலாக அக்கா அந்தப் பொம்மையைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் பெயிண்ட் வாங்கி வந்தார். செய்தி தெருவில் பரவியது. பைப் வேலை செய்யும் வீரபத்திரன் ஏணியோடு வாசலில் வந்து நின்றார்.

“டேங்கிக்குப் பெயிண்ட் அடிக்கிறியாமே! எத்தினி லிட்டர் டேங்கிக்கா?”

“அர டம்ளர் தண்ணி நிக்காது. ஏணியெல்லாம் வேணாம், போய்யா.”

போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்து, திட்டுத் திட்டாக இருந்த நிறங்களை முதலில் கிராஃப் தாளில் ஏற்றினார். “பாடி சந்தனம், புட்டா பாசிப்பச்சை” என்பார், புடவையின் உடலையும் அதில் விழும் பூவையும் சொல்வது போலவே. இடது பக்கத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. நான் திருப்பிக் கொடுத்த பிரிண்டைப் பார்த்து வலது பக்கத்தை நான்கே நாளில் முடித்தார். “பாதி வரைஞ்சாப் போதும்மா. மீதிய தறியே திருப்பிப் போட்டுக்கும்.”

பாங்கில் வாட்ச்மேனாக இருக்கும் யேசுதாஸும் பழைய பட்டாளத்துக்காரர்தான், ஆனால் வேறு பிரிவு. ஒரு மாலை பொம்மையைப் பார்க்க வந்தார். கையில் எடுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடி திருப்பினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

“இன்னாக்கா இது, ரெண்டு பக்கமும் ஜோடி பார்டர் போட்டு வச்சிருக்க? எதிராளி கண்ணுக்குத் தெரியாம மறையறதுக்குத்தான் இந்தக் கலரே. ஜோடி சேர்ந்துச்சுன்னா தூரத்துலயே கண்ணு புடிச்சுக்கும். வண்டியில ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கவே இருக்காதுக்கா.”

அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். துண்டுகளை ஒட்டும்போது பழனி சொன்ன ஒன்றை அப்போதுதான் எங்களிடம் சொன்னார். அந்த வண்டியில் மூன்று பேர். பெயிண்டும் அவர்களே அடித்தது. “போட்டோல தெரியறது எங்கூட இருந்த பல்தேவ் அடிச்சதுக்கா. நான் அடிச்சது அந்தாண்டப் பக்கம்” என்றாராம்.

“அப்ப நான் அதக் காதுல போட்டுக்கல. ஒரே கிராஃபக் குடுத்திருப்பாங்க, ரெண்டு பேரும் அதப் பாத்துத்தான் அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கினேன். கிராஃபே இல்லாம எவனாவது கலர் அடிப்பானா?” என்றார் அக்கா.

பழனி அடிப்பார். பத்து வயதில் அக்காவின் தாள்களுக்கு வண்ணம் தீட்ட உட்காருவார். ஒரு வரிசைகூடக் கட்டத்துக்குள் நிற்காது. “தாண்டாதடா” என்று அக்கா ஸ்கேலால் முட்டியில் தட்டுவார். ஒரு முறை பச்சை வழிந்து மயிலுக்கு மூன்றாவது காலாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. தறியில் முந்தானை இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நெய்தவர் வீட்டுக்கே வந்து கத்த, பழனி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாராம். “அந்த மூணு கால் மயிலயும் எவளோ கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போயிருப்பாம்மா” என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும் வரை அக்கா சிரித்தார். “கோடு போட்ட தாள்ல ஒழுங்கா நிக்காதவன். கோடே இல்லாத மணல்ல கொண்டுபோய் வண்டி ஓட்டவுட்டாங்க.”

அன்றே தின்னர் தொட்ட பஞ்சால் வலது பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பச்சை போனது, சந்தனம் போனது, வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வந்தது. யேசுதாஸுக்குச் சங்கடமாகிவிட்டது.

“நீயே எதனா வளைச்சு வளைச்சு அடிச்சுடுக்கா. எவன் வந்து பாக்கப் போறான்?”

“நான் அடிச்சா கட்டத்துக்குள்ளதான் நிக்கும். அது அவன் கை இல்லப்பா.”

“நான்தாங்க்கா தப்பாத் திருப்பிக் குடுத்துட்டேன்” என்றேன்.

“நான் கேட்டத நீ குடுத்த. நான் கேட்டதுதான் தப்பு” என்றார்.

அதன் பிறகு இணையத்தில் தேடாத இடமில்லை. கிடைத்ததெல்லாம் வேறு வண்டிகள். என்னிடம் இருக்கும் விவரம் இவ்வளவுதான்: போட்டோவின் பின்னால் ‘ராஜஸ்தான், ஜனவரி 2004’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. வண்டியின் தலையில் 27 என்ற எண். ஓட்டியவர் பழனி, சுட்டவர் பல்தேவ். மூன்றாமவர் பெயர் அக்காவுக்கு நினைவில்லை. அவர்களில் யாராவது அந்த வண்டியின் வலது பக்கம் நின்று ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பட்டாளத்தில் இருந்த யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால் இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவர் தனக்குத் தெரிந்தவருக்குச் சொல்லட்டும்.

ஞாயிறுதோறும் காலையில் கமலாட்சி அக்கா பச்சைப் பெயிண்ட் புட்டியைத் திறக்கிறார். காய்ந்துவிடாமல் இருக்க ஒரு சொட்டு தின்னர் விட்டு, ஊதுபத்திக் குச்சியால் அடி வரை கலக்கி, மூடியை இறுக்கி வைக்கிறார்.