யாராவது உள்ளே வரட்டும்

மலைமேல் குடியிருக்கும் நம் சாமி மாதப்பனை நம்பியிருக்கும் அக்கா தங்கைகளே, பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்த ஒருத்தியை அவர் எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று சொல்கிறேன், கேளுங்கள். நான் ராமாபுரத்தில் பிறந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டவள்.

அந்த வருஷம் தசராக் கூட்டம் கலைந்த கையோடு நாங்கள் குடியிருந்த அக்ரஹாரம் பகுதித் தெருக்களில் எலிகள் செத்து விழுந்தன. என் வீட்டுக்காரர் தானிய மண்டியில் மூட்டை தூக்குபவர். முதலில் அவருக்குத்தான் காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. பிளேக் என்றார்கள். தீபாவளிக்கு முன்பே போய்விட்டார். அவர் பின்னாலேயே என் மகன் முத்துவும் போனான். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கக்கூட யாரும் வாசற்படி ஏறவில்லை. குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்.

சர்க்கார் ஆட்கள் வந்து, உள்ளே வெயில் இறங்கட்டும் என்று வீட்டு ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். நானும் என் மகள் பொன்னியும் ஊருக்கு வெளியே பொட்டலில் போட்டிருந்த கீற்றுக் குடிசை ஒன்றுக்குப் போனோம். அங்கே எனக்கு அழுகைகூட வரவில்லை. பயம்தான். கண் விழித்ததும் பொன்னியின் அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்ப்பேன். சோறு ஊட்டும்போது பார்ப்பேன். விளையாடுகிறவளை இழுத்துவந்து பார்ப்பேன். என் கை நீண்டாலே பிள்ளை நடுங்கினாள்.

கார்த்திகை தீபத்தன்று காலையில் அவள் உடம்பு கொதித்தது. தடவினேன். தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது.

பிழைக்க வை என்று கேட்க வாய் வரவில்லை. முன்பு இரண்டு பேருக்காக அப்படிக் கேட்டாகிவிட்டது. "யாராச்சும் உள்ளே வரட்டும் மாதப்பா, இந்தத் தடவை என்னைத் தனியா உட்டுறாதே" என்று கத்தினேன்.

அக்கம்பக்கத்தில் பாத்திரங்களை வாரிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. அப்போது படலைத் தள்ளிக்கொண்டு மாரக்கா வந்தார். சாமராஜநகர்க்காரர். இதே நோயில் பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கிட்ட வராதீங்கக்கா, நெறி கட்டியிருக்குது!"

"கட்டட்டும் அம்மிணி. எம்பட புள்ளைங்களுக்குப் பார்க்காததா? தள்ளு."

தொட்டுப் பார்த்தார். பிறகு பொன்னியின் காலைத் தூக்கிப் பாதத்தைத் திருப்பினார். குதிகாலில் வேலமுள் முறிந்து, உள்ளே சீழ் பிடித்திருந்தது.

"ஏனம்மிணி, நீ காலைப் பார்க்கவே இல்லையா?"

பார்க்கவில்லை. அத்தனை தடவை தடவிய கைக்குக் கால் நினைவே வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பொன்னியைக் கேட்டேன். "சொன்னா நீ பயந்துக்குவே" என்றாள்.

மாரக்கா முள்ளை ஊசியால் எடுத்து, வெந்நீரில் கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டினார். நான் மறுபடியும் நெறியைத் தடவிப் பார்த்தேன். "முள்ளாலதான் காய்ச்சலா, இல்லை அதுதானாக்கா?"

"எனக்கும் தெரியாது. இருந்து பார்க்கலாம். நான் எங்கயும் போகலை."

போகவில்லை. காய்ச்சல் இறங்கி, நெறி கரையும்வரை எங்கள் குடிசையிலேயே கிடந்தார்.

முள் கிடைத்ததைத்தான் எல்லோரும் அற்புதம் என்கிறார்கள். நான் கேட்டது ஒரு ஆளை. மாதப்பன் அனுப்பினார்.

பிளேக் இன்னும் வந்து வந்து போகிறது. எந்தக் குடிசையில் அலறல் கேட்டாலும் நானும் மாரக்காவும் போகிறோம். நான் முதலில் காலைப் பார்ப்பேன். பல பேர் காலில் முள் இருப்பதில்லை. அங்கேயும் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறோம்.

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஓடு வேய்ந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகும் மேலே ஏதாவது ஓடினால் எனக்கு உடம்பு சில்லிடுகிறது. அந்தப் பயத்தோடேயே மாதப்பனைக் கூப்பிடுங்கள். அடுத்த வீட்டிலிருந்து யாராவது அப்படிக் கூப்பிடுவது காதில் விழுந்தால், எழுந்து போங்கள். அவர் அனுப்புகிற ஆள் நீங்கள்தான்.